கம்பி இல்லாத கியர்: ஒரு மிதிவண்டி வரலாறு



வழக்கமாக இலக்கணம், வாசிப்பு, வகுப்பறை என்றே எழுதிவரும் நான் இம்முறை மிதிவண்டியைப் பற்றி எழுதுகிறேன். காரணம், தேக்காவில் ஒருவர் என்னிடம் கேட்ட ஒரு கேள்வி. அதற்கு அன்று என்னால் விடை கூற இயலவில்லை. விடையைத் தேடிச் சென்றபோது அது நூறாண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு வரலாற்றினுள் என்னை இட்டுச் சென்றது. அவ்வரலாற்றின் ஓர் அத்தியாயம் நமது ஜூரோங்கிலேயே நிகழ்ந்திருப்பதையும் அப்போதுதான் அறிந்தேன்.

ஒரு கேள்வி

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. தேக்காச் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். புதிதாக வாங்கிய என் மிதிவண்டியைக் கம்பித் தடுப்பில் பூட்டி வைத்திருந்தேன். ஊரிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் இளைஞர் ஒருவர் அதன் அருகே குனிந்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சற்றுக் கூச்சத்துடன் நிமிர்ந்தார்.

"அக்கா, இதுல கியர் ஒயரையே காணோமே? உள்ளுக்குள்ள போகுதா?"

"இல்லை தம்பி, ஒயரே கிடையாது. பேட்டரியில் வேலை செய்கிறது" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் சிறிது நேரம் யோசித்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நடுவழியில நின்னுட்டா யாருக்கா சரி பண்ணுவா?"

பிறகு அவர் தம் ஊர் புதுக்கோட்டைப் பக்கம் என்றார். அவருடைய தாயார் அறிவொளி இயக்கக் காலத்தில் மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவராம். "எங்கம்மாவே பஞ்சர் ஒட்டிடும்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுச் சென்றார்.

புதுக்கோட்டை என்றதும் எனக்கு விளங்கிற்று. 1990களின் தொடக்கத்தில், மாவட்ட ஆட்சியராக ஷீலா ராணி சுங்கத் பணியாற்றிய காலத்தில், அம்மாவட்டத்தின் எழுத்தறிவு இயக்கம் மிதிவண்டிப் பயிற்சியையும் தன் பணிகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. ஆயிரக்கணக்கான சிற்றூர்ப் பெண்கள் ஓட்டக் கற்றனர். தண்ணீர் எடுக்கவும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் ஆணின் துணைக்குக் காத்திருக்க வேண்டிய நிலை மாறிற்று. அவ்வண்டிகளில் கியர் இல்லை. பழுதானால் தெருமுனைக் கடையிலோ தம் கையாலோ சரிசெய்துகொள்ள முடிந்தது. அந்த மரபிலிருந்து வந்தவரின் கேள்வி அது. எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று.

அப்பாவின் மூன்று கியர்

என் தந்தையார் இளம் வயதில் செம்பவாங் கடற்படைத் தளத்தில் பணிபுரிந்தவர். சோங் பாங் கிராமத்திலிருந்து தளத்திற்கு மிதிவண்டியில்தான் செல்வார். 1968ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அரசு தன் படைகளைத் திரும்பப் பெறப்போவதாக அறிவித்தது. அவ்வாண்டு இறுதியில் தளத்தின் கப்பல் பழுதுபார்க்கும் துறை செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறியது. நாடு திரும்பிய ஆங்கிலக் குடும்பமொன்று விற்றுச் சென்ற மிதிவண்டியை அப்பா அப்போது வாங்கினார். அதன் பின்சக்கர ஹப்பின் மேல் "64" என்ற எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. அது தயாரிக்கப்பட்ட ஆண்டு 1964 என்பதே அதன் பொருள்.

அது ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனத்தின் மூன்று கியர் ஹப். 1902இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்று, நாட்டிங்ஹாம் நகரில் தயாரிக்கப்பட்ட கண்டுபிடிப்பின் வழித்தோன்றல். கியர் முழுவதும் ஹப்பின் உள்ளேயே அடங்கியிருக்கும். மழையும் மண்ணும் உட்புகா. கைப்பிடியில் ஒரு சிறு விசை. அதிலிருந்து ஒரு கம்பி. கம்பியின் முனையில், ஹப்பின் அச்சுக்குள் நுழையும் ஒரு குட்டிச் சங்கிலி. வெளியே தெரிவது இவ்வளவுதான்.

இதன் கணக்கு தொடக்கப்பள்ளி மாணவர்க்கும் விளங்கும். நடுக் கியரில் பல்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரமும் ஒரு சுற்றுச் சுற்றும். முதல் கியரில் முக்கால் சுற்று. மூன்றாம் கியரில் ஒன்றே மூன்றில் ஒரு பங்கு சுற்று. மேடு ஏற முக்கால், சமதரைக்கு ஒன்று, இறக்கத்திற்கு ஒன்றுக்குச் சற்று மேல். நாலாம் வகுப்பில் பின்னம் நடத்தும் ஆசிரியர்கள் இதனைக் கரும்பலகையில் வரைந்து காட்டலாம்.

அவ்வண்டி இன்றும் எங்கள் ஈசூன் வீட்டின் தாழ்வாரத்தில் நிற்கிறது. அப்பாவுக்கு எண்பது வயது கடந்துவிட்டது. ஓட்டுவதில்லை. ஆனால் மாதம் ஒருமுறை அந்த ஹப்புக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடத் தவறுவதில்லை.

கியர் யாருக்கு?

கியர் என்பது உடல் வலிமை குறைந்தோர்க்கு உரியது என்ற எண்ணம் ஒரு காலத்தில் வேரூன்றியிருந்தது. பிரான்சில் பால் தெ விவி என்பவர் வெலோசியோ என்ற புனைபெயரில் மிதிவண்டி இதழ் நடத்திவந்தார். செங்குத்தான மலைப்பாதைகளில் பயணம் செய்த அவர், சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தும் கருவியை விடாமல் ஆதரித்தார். அக்கருவியை டிரேலியர் என்பர். இக்கட்டுரையில் அதனைச் சங்கிலி மாற்றி என்று குறிப்பிடுகிறேன்.

1902இல் பிரெஞ்சுச் சுற்றுலா மிதிவண்டிக் கழகம் மலைப்பாதையில் ஒரு சோதனைப் பயணத்தை நடத்தியது. அதில் மார்த் ஹெஸ் என்ற பெண்மணி மூன்று கியர் கொண்ட வண்டியில் கலந்துகொண்டு, ஒற்றைக் கியர் வண்டியில் வந்த பந்தய வீரரை விஞ்சினார். கியரின் பயனுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆயினும் மறு ஆண்டில் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தோற்றுவித்த ஹென்றி டெக்ரான்ஜ் மனம் மாறவில்லை. நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்குத்தான் கியர் தேவை என்ற கருத்துப்பட அவர் எழுதினார். அவருடைய பந்தயத்தில் சங்கிலி மாற்றிக்கு நெடுங்காலம் இடமில்லை. மலையடிவாரம் வந்ததும் வீரர்கள் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபுறமுள்ள வேறு பல்சக்கரத்திற்குத் திருப்பிப் பூட்டிக்கொண்டு ஏற வேண்டும். 1937இல்தான் தடை நீங்கியது. அவ்வாண்டு வென்ற ரோஜே லபேபி சங்கிலி மாற்றியுடன்தான் ஓட்டினார்.

அக்காலப் பந்தயச் சாலைகளில் பெரும்பகுதி கல்லும் மண்ணும் நிறைந்தவை என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும். இன்று கிராவல் சைக்கிள் என்ற பெயரில் விற்பனையாகும் வண்டி, சரளைக்கல் பாதைக்கும் தார்ச்சாலைக்கும் ஒருங்கே பொருந்துமாறு அகலமான டயர்களுடன் அமைந்தது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் 2006இல் தொடங்கிய நெடுந்தூரச் சரளைப் பாதைப் பந்தயம் போன்றவற்றால் இவ்வகை புகழ் பெற்றது. பெயர் புதிது. தேவை பழையது. அப்பா ஓட்டிய கம்பத்துச் செம்மண் பாதையும் அதே வகைதானே?

விளிம்பில் ஓடிய வண்டிகள்

நமது தீவின் வரலாற்றில் மிதிவண்டிக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. 1941 டிசம்பர் 8ஆம் நாள் மலாயாவின் வடகிழக்குக் கரையில் இறங்கிய ஜப்பானியப் படை, 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரைக் கைப்பற்றியது. அந்த எழுபது நாட்களில் ஆயிரக்கணக்கான படைவீரர்கள் தீபகற்பம் முழுவதையும் மிதிவண்டியில் கடந்து வந்தனர்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. போருக்கு முன்பே ஜப்பானிய மிதிவண்டிகள் மலாயா ஊர்களில் பரவலாக விற்கப்பட்டிருந்தன. ஆகையால் பழுதான வண்டிக்கு வேண்டிய உறுப்புகள் வழியெங்கும் கிடைத்தன. டயர் வெடித்து மாற்ற இயலாதபோது, அதனை எறிந்துவிட்டு வெறும் உலோக விளிம்பிலேயே ஓட்டினர். இரவில் அவ்வோசையைக் கேட்டுத் தகரிகள் வருவதாக எதிர்ப்படை மயங்கியதும் உண்டு. விரைவான வண்டி என்பதால் அன்று, வழியில் கிடைத்ததைக் கொண்டு சரிசெய்யக் கூடிய வண்டி என்பதாலேயே அது பயன்பட்டது. துயரமான நிகழ்வுதான். எனினும் இளைஞரின் கேள்விக்கு வரலாறு அளிக்கும் ஒரு பாதி விடை இதிலுள்ளது.

சக்காயிலிருந்து ஜூரோங்கிற்கு

மறு பாதிக்கு, போருக்குப் பிந்திய ஜப்பானுக்குச் செல்ல வேண்டும். ஒசாக்காவுக்கு அருகிலுள்ள சக்காய் நகரம் கத்திகளுக்கும் கொல்லர் பட்டறைகளுக்கும் பெயர் பெற்றது. அங்கே 1921இல் ஷோசாபுரோ ஷிமானோ ஒரு சிறு பட்டறையைத் தொடங்கினார். முதலில் செய்த பொருள் ஃப்ரீவீல், அதாவது மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் உருள உதவும் உறுப்பு.

அதே ஜப்பானில் சன்டூர் என்ற நிறுவனம் 1964இல் சாய்வான இணைகர அமைப்புடைய சங்கிலி மாற்றியை உருவாக்கியது. அதில் சங்கிலி எந்தப் பல்சக்கரத்தில் இருந்தாலும், மாற்றிக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கும். ஆகவே கியர் துல்லியமாக விழுந்தது. 1984இல் அதன் காப்புரிமை முடிந்தது. அதே ஆண்டில் ஷிமானோ அவ்வமைப்புடன் படிப்படியாகச் சொடுக்கும் விசையையும் இணைத்து வெளியிட்டது. அதற்கு முன்பு விசையை நகர்த்தி, ஓசையைக் கேட்டு, அனுபவத்தால் கியரைப் பொருத்த வேண்டியிருந்தது. அதன்பின் ஒரு சொடுக்குக்கு ஒரு கியர் என்றாயிற்று. 1990இல் பிரேக்கும் கியரும் ஒரே பிடியில் இணைந்தன.

இவை முதலில் பந்தய வீரர்களின் விலையுயர்ந்த வண்டிகளில் தோன்றியவை. அவை எளியோர் வாங்கும் விலைக்கு இறங்கியது எவ்வாறு? பேரளவு உற்பத்தியால்தான். அங்கேதான் நம் ஜூரோங் வருகிறது. ஷிமானோ ஜப்பானுக்கு வெளியே நிறுவிய முதல் உற்பத்தி ஆலை 1973இல் சிங்கப்பூரில் அமைந்தது. படைகள் வெளியேறியதால் வேலையிழப்பு நேருமோ என்று அஞ்சிய காலம் அது. அந்நிய முதலீட்டை ஈர்க்கப் பொருளியல் வளர்ச்சிக் கழகம் முனைந்து செயல்பட்டது. அவ்வாறு வந்த ஆலைகளுள் இதுவும் ஒன்று. பின்னாளில் உலகெங்கும் விற்ற சாதாரண மிதிவண்டிகளின் சங்கிலி மாற்றிகளில் "சிங்கப்பூரில் தயாரிக்கப்பட்டது" என்ற பொறிப்பைக் காணலாம்.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற தேசியக் கல்விக் கழகமும் ஜூரோங் பகுதியில்தான் உள்ளது. பயிற்சிக் காலம் முழுவதும் பேருந்தில் தொழிற்பேட்டையின் ஓரமாகச் சென்று வந்தேன். அந்தச் சுவர்களுக்குள் உலகின் மிதிவண்டிகளுக்கு உறுப்புகள் வார்க்கப்படுகின்றன என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

இரண்டு கம்பிகள் போன கதை

"கம்பியில்லாத் தந்தி" என்ற சொல்லை நம் முன்னோர் முன்பே வழங்கினர். அதே "கம்பியில்லா" என்ற அடைமொழி இன்று மிதிவண்டிக்கும் வந்துவிட்டது. ஆனால் மிதிவண்டியில் கம்பி இரு வகை. ஒன்று இழுக்கும் எஃகுக் கம்பி. மற்றொன்று மின்சாரம் செல்லும் கம்பி. முதலாவது போய் இரண்டாவது வந்தது. பிறகு இரண்டாவதும் போயிற்று.

பிரான்சின் மாவிக் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் மின்சாரச் சங்கிலி மாற்றி ஒன்றை வெளியிட்டது. 1999இல் கம்பியே இல்லாத ஒன்றையும் கொண்டுவந்தது. இரண்டும் நிலைக்கவில்லை. 2009இல் ஷிமானோவின் மின்சாரக் கியர் விற்பனைக்கு வந்தபோதுதான் அந்நுட்பம் வேர் பிடித்தது. அதில் எஃகுக் கம்பி மறைந்து, மின்கம்பி வந்தது. 1987இல் சிகாகோவில் தொடங்கிய ஸ்ராம் நிறுவனம் 2015இல் மின்கம்பியையும் நீக்கிய வகையை அறிவித்தது. பிடியிலுள்ள பொத்தானை அழுத்தினால் வானொலி அலை பாயும். சங்கிலி மாற்றியிலுள்ள சிறு மோட்டார் சங்கிலியை நகர்த்தும்.

விலை இறங்கிய வேகத்தைப் பாருங்கள். ஸ்ராமின் உயர்தர வரிசையில் 2015இல் தோன்றிய அந்நுட்பம் 2019இல் அடுத்த நிலைக்கும், 2021இல் அதற்கடுத்த ரைவல் வரிசைக்கும், 2023இல் அடிநிலையான ஏபெக்ஸ் வரிசைக்கும் வந்துவிட்டது. ஷிமானோ 2022இல் தன் நடுத்தர 105 வரிசைக்கு மின்சாரக் கியர் அளித்தது. அதில் பிடிகளுக்குக் கம்பியில்லை. இரு சங்கிலி மாற்றிகள் மட்டும் சட்டத்தினுள் உள்ள பேட்டரியுடன் மின்கம்பியால் இணைந்திருக்கும். 2025இல் மலைச்சைக்கிளுக்கான எக்ஸ்டிஆர் வரிசையில் அந்நிறுவனமும் கம்பியை முற்றிலும் கைவிட்டது. சீனாவின் எல்-டூ, வீல்டாப் ஆகியவையும் குறைந்த விலையில் இவ்வகையைத் தயாரிக்கின்றன. மூன்று கியர் ஹப் பொதுமக்களின் வண்டிக்கு வந்த அதே பாதைதான் இது.

புதுமையுடன் புதுவகைப் பழுதும் வருகிறது. 2024இல் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தையும் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், ஷிமானோவின் கம்பியில்லாக் கட்டளையைப் பதிவுசெய்து, சுமார் பத்து மீட்டர் தொலைவிலிருந்து மீண்டும் ஒலிபரப்பி, பிறருடைய கியரை மாற்ற முடியும் என்று காட்டினர். நிறுவனம் அவர்களுடன் இணைந்து மென்பொருளைத் திருத்தியது. எஃகுக் கம்பியை எவரும் தொலைவிலிருந்து இழுக்க முடியாதல்லவா?

நான் தேர்ந்தெடுத்த விதம்

இத்தனையும் அறிந்த பின்னும் நான் ஏன் கம்பியில்லாததை வாங்கினேன்? என் வலக்கைக் கட்டைவிரலின் அடியிலுள்ள தசைநாண் இரண்டாண்டுகளாக வீங்கி வலிக்கிறது. இருபதாண்டுகளாகப் பலகையில் எழுதியதும், கட்டுக் கட்டாகப் பயிற்சி நூல்களைத் திருத்தியதும் காரணமாக இருக்கலாம் என்றார் மருத்துவர். கம்பிவழிக் கியரின் பிடியை ஒவ்வொரு முறையும் விரல்களால் அழுத்தித் தள்ளும்போது மணிக்கட்டில் ஊசி குத்துவது போன்ற வலி. ஒரு கட்டத்தில் ஓட்டுவதையே நிறுத்திவிட்டேன். எனக்கும் நாற்பத்தைந்து வயது நெருங்குகிறது. டெக்ரான்ஜ் கூறிய வயதை எண்ணி ஒருநாள் தனியே சிரித்துக்கொண்டேன்.

ஆசிரியர் சம்பளத்தில், பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு நடுவே வாங்க வேண்டும். ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் கணக்கிட்டேன். மலிவு என்பது கடையில் கொடுக்கும் விலை மட்டுமன்று. ஐந்தாண்டுப் பராமரிப்பும், உடைந்தால் ஆகும் செலவும் அதில் அடங்கும்.

முதலில், முன்புறம் ஒரே பல்சக்கரம் கொண்ட வண்டியைத் தேர்ந்தேன். முன்புறச் சங்கிலி மாற்றியே தேவையில்லை. மோட்டார் ஒன்று, பேட்டரி ஒன்று. செலவு அங்கேயே குறைகிறது. முன்னால் 40 பற்கள், பின்னால் 11 முதல் 44 வரை. 40ஐ 44ஆல் வகுத்தால் 0.91. 40ஐ 11ஆல் வகுத்தால் 3.64. மிகக் கடின கியர் மிக எளிய கியரைப் போல் நான்கு மடங்கு. அப்பாவின் ஹப்பில் இதே வீச்சு 1.78 மடங்குதான். உயர்ந்த குன்றே 163 மீட்டராக இருக்கும் நம் நாட்டில் இரண்டாவது முன்சக்கரம் எனக்குத் தேவைப்படவில்லை.

இரண்டாவதாக, உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிப் பொருத்துவதைவிட, அடிநிலை மின்சாரக் கியருடன் வரும் முழு வண்டி குறைந்த செலவில் அமைந்தது. மூன்றாவதாக, பேட்டரியைக் கழற்றி மின்னூட்டக் கூடியதாக, இந்நகரிலேயே மாற்று உறுப்பு கிடைப்பதாகப் பார்த்தேன். இணையத்தில் மட்டும் விற்கும் ஒன்று இன்னும் மலிவாக இருந்தது. ஆனால் அதன் உறுப்பு பழுதானால் எந்தக் கடையில் கேட்பேன்? விட்டுவிட்டேன்.

கம்பிவழிக் கியரையும் நேர்மையாக எடைபோட வேண்டும். 2023இல் வெளிவந்த ஷிமானோவின் க்யூஸ், தைவானின் மைக்ரோஷிஃப்ட் சோர்ட் ஆகியவை சரளைப் பாதைக்குப் போதுமான, விலை குறைந்த கம்பிவழி வகைகள். நம் ஈரக்காற்றிலும் மழையிலும் கம்பியின் உறைக்குள் துருவும் மண்ணும் சேரும். அவ்வப்போது மாற்ற வேண்டும். ஆனால் அது சிறு செலவு. மின்சார மாற்றி ஒன்று பாறையில் மோதி உடைந்தாலோ, அந்த விலையில் கம்பிவழி மாற்றிகள் சிலவற்றை வாங்கிவிடலாம். கை நலமாக இருப்பவர்க்கும், முதல் வண்டி வாங்கும் மாணவர்க்கும் கம்பிவழிக் கியரே ஏற்றது என்பது என் முடிவு.

நின்றுபோன நாள்

வாங்கிய மூன்றாம் மாதம் பாடம் ஒன்று கிடைத்தது. தேர்வுத்தாள் திருத்தும் வாரம். பேட்டரிக்கு மின்னூட்ட மறந்துவிட்டேன். ஒருமுறை மின்னூட்டினால் ஏறக்குறைய அறுபது மணிநேரம் ஓடும் என்பதே மறதிக்கு வழிவகுத்தது. நாள்தோறும் செய்ய வேண்டிய வேலை மனத்தில் நிற்கும். இரண்டு மாதத்திற்கு ஒருமுறை செய்வது நிற்பதில்லை.

மலாயா ரயில் 2011 ஜூன் 30ஆம் நாள் கடைசியாக ஓடிய பழைய இருப்புப்பாதை, இன்று 24 கிலோமீட்டர் நீளமுள்ள பசுமை வழித்தடமாக உள்ளது. அதில் புக்கிட் தீமா பழைய ரயில் நிலையத்தைத் தாண்டிச் சென்றுகொண்டிருந்தேன். பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் நிகழவில்லை. சங்கிலி இருந்த பல்லிலேயே இருந்தது. அது கடினமான கியர். சமதரையில் ஓட்டினேன். மேட்டில் இறங்கித் தள்ளினேன். வீடு வந்து சேர இருட்டிவிட்டது.

அப்பா கதவருகிலேயே அமர்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"எனக்கும் ஒருநாள் கம்பி அறுந்துபோச்சும்மா" என்றார். "இந்த ஹப்பு இருக்கே, கம்பி அறுந்தா மூணாங் கியர்லதான் நிக்கும். மூணாங் கியர்ல மேட்ட ஏற முடியுமா? வேலைக்கு லேட்டானா சம்பளம் போயிடும். குட்டிச் சங்கிலிய இழுத்து, சணல் கயித்தால சட்டத்தோட கட்டிட்டேன். முதல் கியர்லயே போய்ச் சேர்ந்தேன். ஒரு வாரம் அந்தச் சணல்தான்."

நான் என் வண்டியைப் பார்த்தேன். அதில் சணல் கட்ட இடமில்லை.

மறுநாள் ஒரு மாற்றுப் பேட்டரி வாங்கினேன். தீப்பெட்டியளவுதான். இப்போது அது எப்போதும் இருக்கைப் பையில் இருக்கிறது. இரட்டை மாற்றி வைத்திருப்போர் முன்புறப் பேட்டரியைப் பின்புறத்திற்கு மாற்றிக்கொள்ள இயலும். ஒற்றை மாற்றிக்காரருக்கு அவ்வசதி இல்லை. நான் மிச்சப்படுத்திய செலவில் ஒரு பகுதி இவ்வாறு திரும்பிச் சென்றது. பிடியிலுள்ள நாணய வடிவப் பேட்டரி சுமார் இரண்டாண்டு உழைக்கும். அதன் தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.

இளைஞருக்குச் சொல்ல வேண்டிய விடை

நடுவழியில் நின்றால் யார் சரிசெய்வார்? பேட்டரி தீர்ந்தாலோ, மாற்றி வளைந்தாலோ, திருகு தளர்ந்தாலோ நானே சரிசெய்வேன். அதற்கு வேண்டியவற்றைக் கற்றுக்கொண்டுவிட்டேன். உள்ளிருக்கும் மின்சுற்று பழுதானால் என்னாலும் முடியாது, தெருமுனைக் கடையாலும் முடியாது. முழு உறுப்பையும் மாற்ற வேண்டியதுதான். இதுவே உண்மையான விடை. முன்பெல்லாம் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில் அப்பா தம் ஹப்புக்கு உறுப்பு தேடி எடுப்பார். 2017 ஜூலை 10ஆம் நாளுடன் அச்சந்தையும் மூடப்பட்டது. பழுதுபார்த்துப் பயன்படுத்தும் பழக்கத்திற்கான இடங்கள் சுருங்கிவருகின்றன. என் வண்டியும் அச்சுருக்கத்தின் ஒரு பகுதி என்பதை மறுக்க மாட்டேன். அதே வேளையில் அந்தப் பொத்தான் இல்லையெனில் நான் வண்டி ஓட்டியே இருக்க மாட்டேன் என்பதும் உண்மை.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைக்கு முதல் வண்டி வாங்கும்போது, அவர்களால் பார்த்துப் புரிந்துகொள்ளக் கூடிய கம்பிவழிக் கியரை வாங்கிக் கொடுங்கள். விசையை அழுத்தினால் கம்பி இழுபடுவதையும், மாற்றி நகர்வதையும், சங்கிலி ஏறுவதையும் கண்ணால் காணட்டும். அதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு, நாளை கம்பி மறைந்தாலும் உள்ளே என்ன நிகழ்கிறது என்பது விளங்கும்.

சென்ற பள்ளி விடுமுறையில் அப்பாவின் ஹப்பை நானும் என் மகளும் பிரித்தோம். கூடத்தில் பழைய தமிழ் முரசு தாள்களை விரித்து, கழற்றிய வரிசையிலேயே உறுப்புகளை அடுக்கினோம். அப்பா நாற்காலியில் அமர்ந்தபடி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். அவர் கையால் இப்போது ஸ்பானரைப் பிடிக்க முடியாது. என் கையால் அழுத்தித் திருக முடியாது. மகள்தான் திருகினாள். மாலைக்குள் மீண்டும் பூட்டிவிட்டோம். ஒரு வாஷர் மட்டும் தாளின் மேல் மிஞ்சியிருந்தது. அது எங்கே போகும் என்று அப்பா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

தேக்காப் பக்கம் செல்லும்போதெல்லாம் அந்த இளைஞரைத் தேடுகிறேன். மீண்டும் கண்டால் இவ்வளவையும் அவரிடம் சொல்ல வேண்டும். அவருடைய தாயார் பஞ்சர் ஒட்டும் முறையையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.